அத்தை இன்னும் விடாத பெயர்

புரூம்
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்பு மகள் கொலெட்டுக்கு அம்மா எழுதுவது. ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் அனுமதிக்கிற அளவுக்கு நான் சுகம். உன் சுகத்தை வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். உன் அப்பாவின் ரத்தத்தை ஆராய்ச்சிக்கு நான் கொடுத்துவிட்டதாக ஊர் முழுக்கப் பேச்சு. நான் கொடுக்கவில்லை. சர்க்கரை நோய் பார்க்கிறோம் என்று அந்த நாளில் வந்தவர்கள் அவரிடம் எடுத்துப்போன ரத்தம் மெல்பர்னில் குளிர்பெட்டியில் இருக்கிறது என்று நீ தொலைபேசியில் சொன்னபோது, அதைத் தர நான் யார், நம் முறைப்படி அவருடைய தங்கையிடம் போய்க் கேள் என்றுதான் சொன்னேன். அதை நீ சம்மதமாக எடுத்துக்கொண்டாய். கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று என்றால் எங்களைப் படிக்கவைத்த கன்னியர் தாளைக் கிழித்துவிடுவார்கள். டாக்டருக்குப் படித்தும் உனக்கு அது வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் எல்லோருக்கும் கையில் ஊசி ஏற்றி, ரத்தம் குழாயில் ஓடத் தொடங்கிய பிறகு உன் குரல் வந்தது. நம் பழங்குடி மக்களில் ஒருத்தி மரபணு ஆராய்ச்சிக்கே தலைமை ஏற்கிறாள் என்று அறிவித்தார்கள். நர்ஸ் சத்தத்தைக் கூட்டினாள். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹெக்டர் மாமா, "தங்கச்சி, உன் மக அங்க நம்ம சிறுநீரகத்தப் பத்திப் பேசுறா, இங்க மெஷின் கத்துனா ஓடி வர ஆளில்ல" என்று சீண்ட, உன் யூஃபி அத்தைகூடச் சிரித்தாள். அப்போதுதான் நீ உன் அப்பாவின் பெயரைச் சொன்னாய், முழுப் பெயராக. போனவரின் பெயரை யாரும் வாயில் எடுக்க அவள் இன்னும் விடவில்லை, கொலெட். அதே பெயர் வைத்த சொந்தப் பேரனையே அவள் பெயரில்லாதவன் என்றுதான் கூப்பிடுகிறாள். நீ அறியாததா? வேறு இடமாக இருந்தால் எழுந்து போயிருப்போம். ஊசியோடு எங்கே போவது? அவர் ரத்தம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, அம்மா சம்மதித்துவிட்டார் என்று நீ சொல்லி முடிக்கும் வரை அத்தனை பேரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். அத்தை போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

மறு முறையிலிருந்து தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொல்லிவிட்டாள். எனக்குக் கேட்கும்படி சுவரிடம் பேசுகிறாள், அண்ணனை விற்று அண்ணி மகளுக்குப் பதவி வாங்கினாள் என்று. நான் கொடுக்கவில்லை என்று சொன்னால் நீ பொய்க்காரி ஆவாய், பேசாமலிருந்தால் நான் திருடி. விலகிப் போகவும் வழியில்லை, நம் ஊரில் இந்த இயந்திரம் கிடையாது. அவர் அங்கே குளிரில், நான் இங்கே குழாயில், இருவருமே மண்ணுக்குத் திரும்பவில்லை. உன் ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அத்தை மகளுக்கும் இப்போது கால் வீங்குகிறது, ஏன் நம் வீடுகளில் மட்டும் இப்படி என்று எனக்கும் தெரிய வேண்டும். ஆனால் கேட்க வேண்டியவளிடம் கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டாம்.

நேற்று ஊசியைக் கழற்றியதும் அவளே என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, அவ டாக்டரா வர வேணாம். என் அண்ணன் மகளா வந்து தரையில உக்காந்து கேக்கட்டும். நான் மாட்டேன்னா அந்த ரத்தம் ஊருக்கு வந்து மண்ணுக்குள்ள போகணும்" என்றாள். உனக்கு என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் மறுத்தால் உன் வேலை பாதியில் நிற்கும், தெரியும். அவள் பதில் சொல்லும் வரை அந்தக் குளிர்பெட்டியை நீயோ உன் ஆட்களோ திறக்கக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் சிறுநீரகத்தையும் பரிசோதித்துக்கொள், அவர் ரத்தம் உனக்குள்ளும் ஓடுகிறது. மாதா உன் கையையும் நாக்கையும் சேர்த்துக் காக்கட்டும். தொலைபேசியில் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் கூப்பிடாதே. அத்தையிடம் வந்து கேட்பாயா மாட்டாயா, அதை மட்டும் உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
பெனடிக்டா