தளபதி ஹொராகிக்குக் கண்ணீர் அஞ்சலி

யூன் 3

விடிந்ததிலிருந்து கோபம். ‘அனிமே முற்றம்’ முகநூல் குழுவில் ஒருவன் தனக்குப் பிடித்த பத்து யப்பான் தொடர்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறான். பத்திலும் பள்ளிக்கூடம், பத்திலும் காதல், பத்திலும் மரத்திலிருந்து பூக் கொட்டுகிறது. ‘உப்புக்காற்றுப் படை’ அதில் இல்லை! ஆகாயத்தில் ஓடும் கப்பல், அதற்குத் தலைவன் தளபதி ஹொராகி. அப்படியொரு தொடரை விட்டுவிட்டுப் பட்டியல் போடுகிறவன், சோற்றை ஒதுக்கிவிட்டு அப்பளத்தைத் தின்கிறவன். இப்படியே கீழே எழுதி, என் பட்டியலையும் போட்டேன். இரண்டாயிரம் பேர் விருப்பம் போட்டார்கள். சரி, இருநூறு. அரியாலையில் ஒரு செத்த வீட்டுக்கு அவ்வளவு சனம் வந்தால் பெரிய செத்த வீடு.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான் வாசிப்பதில்லை. அது வாசிக்கத் தெரியாமல் அல்ல, தேவையில்லாமல். முகத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவேன். யப்பான்காரன் என்ன நினைத்து அந்தக் கண்ணைப் படத்தில் கீறினான் என்பது அவனுக்கு முதல் எனக்குத் தெரியும்.

என் பட்டியலுக்கு ‘மழைக்காகம்’ என்ற பெயர்க்காரி பதில் எழுதியிருந்தாள். “மார்க்கண்டு ஐயா, நீங்கள் ஏழாவதாகப் போட்ட படத்தில் நாய் சாகவே இல்லை. எந்தப் படத்தைப் பார்த்தீர்கள்?” பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை.

சாகாவிட்டால் சாகவிட்டிருக்க வேண்டும். அது படம் எடுத்தவனின் பிழை.

மழைக்காகம் யாரென்று எனக்குத் தெரியும். நான் யாரென்று அவளுக்கும் தெரியும். என் மகள் கஜானி. மூன்று வருடத்துக்கு முன் ஐந்துசந்திப் பக்கத்து முஸ்லிம் பையன் முனாஸைப் பதிவு எழுதிக் கட்டியவள். அங்கே போகிறவள் இங்கே வரத் தேவையில்லை என்றேன். வரவில்லை. சைக்கிளில் போய் வருகிற தூரம்தான். அவள் இப்படியொரு குழுவில் எழுதுகிறாள் என்று என் மனுசி சிவகௌரி ஒருநாள் வாய் தவறிச் சொன்னாள். அதற்காகத்தான் நான் யப்பான் படம் பார்க்கத் தொடங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அதில் சின்ன வயதிலேயே பிடிப்பு. ஆனால் அவள் எனக்குப் பதில் சொல்கிற ஒரே இடம் அது. அவள் ‘ஐயா’ என்பாள், நான் ‘பிள்ளை’ என்பேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

யூன் 5

பட்டியல்காரன் திரும்ப எழுதியிருக்கிறான்: “ஐயாவுக்கு வயது போய்விட்டது.” போனது உவன்ரை மூளை.

யூன் 7, சனி

பதினெட்டாம் பகுதி.

ஹொராகி போய்விட்டார்.

கப்பல் எரிகிறது. பிள்ளைகள் எல்லாரையும் சின்னப் படகில் ஏற்றிவிட்டுக் கயிற்றைத் தன் கையாலேயே வெட்டுகிறார். பிறகு கடல். தொப்பி மட்டும் மிதக்கிறது. எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. கடையில் மை நெடி வேறு.

எத்தனை வருடமாகப் பதாகை அடிக்கிறேன்! ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், விடிவதற்குள் சந்தி மின்கம்பத்தில் அறிவித்தல் தொங்க வேண்டும். பிந்தினால் செத்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் என்னை முந்தி அறிவித்தல் போட்டவன் இல்லை. சில வீடுகளில் டொக்டர் சொல்வதற்கு முதலே என் பதாகை தயார். அப்படி இருக்க, ஹொராகியை அநாதையாக விடுவதா?

அரை மணித்தியாலத்தில் முடித்தேன். நடுவில் முட்டை வடிவில் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே தாமரை.

‘கண்ணீர் அஞ்சலி. உப்புத்தீவைப் பிறப்பிடமாகவும் ஆகாயக் கப்பலை வதிவிடமாகவும் கொண்ட தளபதி ஹொராகி அவர்கள் பதினெட்டாம் பகுதியில் அகால மரணமடைந்தார். அன்னார் படைப்பிள்ளைகளின் பாசமிகு தந்தையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மார்க்கண்டு, அரியாலை.’

குழுவில் போட்டேன். இப்படி ஒன்று யப்பானிலேயே நடந்திருக்காது. மழைக்காகம் பார்த்தால் என்ன சொல்லுவாள்? பார்ப்போம்.

யூன் 8

என்னைக் குழுவிலிருந்து கலைத்துப்போட்டாங்கள்! என்னை!

காலையில் திறந்தால் ஒரே வசவு. “கிழவா, நாங்கள் இன்னும் பாக்கேல்லை.” “ஒரு கிழமை காத்திருந்ததை ஒரு விளக்குப் படத்தாலை முடிச்சிட்டாய்.” ஸ்பொயிலராம். பார்க்காதவனுக்கு முடிவைச் சொல்வது குழுவில் பெரிய பாவமாம். சாவைச் சொல்வது பாவம், மறைப்பதுதான் மரியாதை! எந்த ஊரில் இந்த வழக்கம்? செத்தவரைக் கூடத்தில் கிடத்திவிட்டு, வாற ஆக்களிட்டை “அவர் உள்ளுக்கை நித்திரை” எண்டு சொல்லுறதோ?

எல்லா வசவுக்கும் கீழே மழைக்காகம் ஒரு வரி எழுதியிருந்தாள்.

“நான் இன்னும் பார்க்கவில்லை, ஐயா.”

பொம்மை இல்லை. பதில் எழுதக் கை வைத்தேன். எழுத விடவில்லை. குழுவை நடத்துகிற டினேஸ் என்ற பெடியன் என்னை நீக்கிவிட்டானாம்.

யூன் 9

சாப்பிடவில்லை. கோபத்தில். சிவகௌரி சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“ஒரு கார்ட்டூனுக்கு இவ்வளவு ஆவேசமோ?”

“கார்ட்டூன் எண்டு சொல்லாதை. அனிமே.”

“அதிலை செத்த மனுசனுக்குத் துக்கம் காக்கிறியள். உயிரோடை ஐந்துசந்தியிலை இருக்கிறவளுக்கு?”

கதவை அடித்துச் சாத்தினேன். கொண்டி கழன்றுவிட்டது. அதற்கும் ஆள் பிடிக்க வேண்டும்.

யூன் 11

வேறு பெயரில் உள்ளே போனேன். றெஜினா, கொழும்புத்துறை. படத்துக்கு ஒரு ரோசாப்பூ. ‘பாசமிகு மார்க்கண்டு ஐயா அவர்களின் பிரிவால் இக்குழு துயருறுகிறது’ என்று பெண்பிள்ளை எழுதுகிற மாதிரியே நயமாக எழுதினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒருவன் கேட்டுவிட்டான்: “ஐயா, உங்களுக்கு ஏன் இந்தப் பொம்பிளை வேசம்?”

றெஜினாவையும் கலைத்துவிட்டார்கள். மழைக்காகத்தின் எழுத்து ஒன்றும் அங்கே கண்ணில் படவில்லை.

யூன் 14, சனி

ஹொராகி சாகவில்லை!!

பத்தொன்பதாம் பகுதியின் கடைசியில் ஒரு மீன்வள்ளத்தில் படுத்திருக்கிறார். தலையில் கட்டு, கண் திறக்கிறது. நான் கதிரையை விட்டு எழும்பிக் கத்த, பதாகை வாங்க வந்த மனிதர் வெளியே ஓடிவிட்டார். பாவம், அவர் வந்தது தமையனின் அறிவித்தலுக்கு.

அப்போ நான் எதைச் சொல்லிக் கெடுத்தேன்? சாகாத சாவைச் சொன்னால் அது முடிவைச் சொன்னதாகுமோ? இது என்ன நியாயம்?

யூன் 15

டினேஸுக்குப் போன் எடுத்தேன். இலக்கத்தை எப்படிப் பிடித்தேன் என்பது தனிக்கதை. பொலிஸில் இருந்திருந்தால் நான் இன்று பெரிய ஆள்.

“தம்பி, ஹொராகி இருக்கிறார். என்னைத் திரும்பச் சேர்.”

“ஐயா, உயிரோடை இருக்கிற மனுசனுக்கு விளக்கு வைச்சுப் படம் போட்டிருக்கிறியள். அது அதைவிட மோசமெல்லே?”

“எட, யப்பான்காரன் ஏமாத்தினால் நான் என்ன செய்யிறது?”

“ஏமாத்தேல்லை ஐயா. கடைசியிலை ‘உடல் கிடைக்கேல்லை’ எண்டு எழுத்து ஓடினது. வாசிக்கேல்லையோ?”

அவனே சொன்னான்: “சரி ஐயா, சேர்த்துவிடுறன். நீங்கள் இல்லாமல் குழு சப்பெண்டு கிடக்கு. அந்த மழைக்காகம் அக்காவும் விட்டிட்டுப் போட்டா.”

“எப்ப?”

“உங்களை நீக்கின அண்டைக்கே.”

போனை வைத்துவிட்டேன். வைத்தேன் என்ன, எறிந்தேன். கண்ணாடி வெடித்துவிட்டது. அவள் இல்லாத குழுவில் நான் யாருக்கு எழுதுகிறது? அந்தப் பத்துப் பூக்காரனுக்கோ?

யூன் 17

டினேஸ் சேர்த்துவிட்டான். உள்ளே போய்ப் பார்த்தேன். வெளியே வந்துவிட்டேன்.

யூன் 21, சனி

இருபதாம் பகுதி. ஹொராகி தாடி வளர்த்துவிட்டார், ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. நான் தொப்பி இல்லாமலேயே கண்டுபிடித்தேன். யாரிடம் சொல்வது? சிவகௌரியிடம் சொன்னேன்.

“எனக்கு ஏன் சொல்லுறியள்? மோளின்ரை நம்பர் என்ரை போனிலை இருக்கு.”

“எனக்கு ஆரின்ரை நம்பரும் தேவையில்லை.”

“தேவையில்லாட்டி ஏன் நான் குளிக்கப் போற நேரமெல்லாம் என்ரை போனைத் திறக்கிறியள்?”

நேரம் பார்க்க. வீட்டில் மணிக்கூடு ஓடுவதில்லை. அதைக்கூட விளங்கிக்கொள்ள முடியாத மனுசி.

ஆனால் ஒன்று யோசித்தேன். என் கையால் போன அறிவித்தல் பிழை. பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலே என் காசில் திருத்தி அடித்துக் கொடுக்கிறவன் நான். உயிரோடு இருப்பவரைச் சாகடித்துவிட்டுச் சும்மா இருந்தால் நான் என்ன தொழில்காரன்? இது மன்னிப்பு இல்லை. தொழில் ஒழுங்கு.

யூன் 23

அடித்தேன். பத்தடிக்கு ஆறடி. வழக்கமாகத் திருத்தத்துக்கு இவ்வளவு பெரிதாக யாரும் அடிப்பதில்லை. நான் அடிப்பேன்.

‘மறுப்பறிவித்தல். தளபதி ஹொராகி அவர்கள் காலமானதாகக் கடந்த 7ஆம் திகதி வெளியான அறிவித்தல் தவறானது. அன்னார் தாடியுடன் நலமாக உள்ளார். உற்றார், உறவினர், முக்கியமாக மழைக்காகம் அவர்கள், இதனை ஏற்றுக்கொள்ளவும். தகவல்: குடும்பத்தினர், அரியாலை.’

குத்துவிளக்கை எடுத்துவிட்டேன். தாமரையை விட்டேன்.

ஓட்டோவில் ஏணியையும் கட்டிக்கொண்டு ஐந்துசந்திக்குப் போனேன். அவள் இருக்கிற ஒழுங்கையின் வாசலில், இரண்டு மின்கம்பத்துக்கு நடுவே, காற்றுக்கு அசையாமல் கட்டினேன். சனம் கூடிவிட்டது. ஐந்நூறு பேராவது இருக்கும். தொப்பி போட்ட ஒரு பெரியவர் அண்ணாந்து வாசித்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இந்த ஹொராகி ஆர்? எந்தப் பள்ளிவாசல் பக்கம்?”

“கப்பல்காரர், காக்கா” என்றேன், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில்.

“அல்ஹம்துலில்லாஹ், மனுசன் தப்பிட்டார்” என்றுவிட்டுப் போனார்.

ஒழுங்கைக்குள் போகவில்லை. வேலை அவ்வளவுதான்.

யூன் 25

மாநகரசபைக்காரர் பதாகையைக் கழற்றிவிட்டார்களாம். அனுமதி இல்லையாம். ஊர் முழுக்கச் செத்தவர்கள் தொங்குகிறார்கள், அதற்கெல்லாம் அனுமதி. ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல அனுமதி இல்லை!

அவள் பார்த்தாளோ, பார்க்க முதல் கழற்றினார்களோ?

யூன் 28, சனி

கடைசிப் பகுதி வந்தது. கடையைப் பூட்டிவிட்டுப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை பார்த்தேன். இந்த முறை நிறுத்தி நிறுத்தி, கீழே ஓடுகிற எழுத்தையும் ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிக் கூட்டி. என்ன முடிவு! யப்பான்காரனுக்குக் கை கொடுக்க வேண்டும். எழுதுகிறேன், ஹொராகி —

இல்லை. இங்கேகூட எழுத மாட்டேன்.

பின்னேரம் சிவகௌரி போனைக் கொண்டுவந்து காதில் வைத்தாள். யாரென்று சொல்லவில்லை.

“அப்பா.”

மூன்று வருடம். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. சளித் தடிமனோ?

“ம்.”

“முனாஸ் நீங்கள் கட்டின அந்தப் பனரைப் படம் எடுத்து வைச்சிருக்கிறார். ஒழுங்கை முழுக்க என்னைத்தான் கேட்டது, ஆர் அந்த மழைக்காகம் எண்டு.”

“அது தொழில் விசயம்.”

“ஓம், தொழில்.” சிரித்தாளோ? மூக்கை உறிஞ்சினாளோ? தெரியவில்லை. “அப்பா, கடைசிப் பகுதி வந்திட்டுது. நீங்கள் பாத்திட்டியளோ?”

எதையும் ஊருக்கு முதல் பார்க்கிறவன் நான். பார்க்காததையும் பார்த்தேன் என்று சொல்கிறவன் என்று சிவகௌரி சொல்லுவாள். நாக்கு நுனியில் முழுப்படமும் நின்றது.

“இல்லை” என்றேன். “கடையிலை சரியான வேலை.”

“அப்ப பாக்காதேங்கோ. நாளைக்கு நாங்கள் வாறம். சேர்ந்து பாப்பம்.”

யூன் 29, ஞாயிறு

வந்தார்கள். மோட்டார் சைக்கிளில், வெயில் ஏறமுதல். சிவகௌரி வடை சுட்டாள், கண்ணைத் துடைத்தாள், திரும்பவும் வடை சுட்டாள். கஜானி மெலிந்துவிட்டாள். சாப்பிடுகிறாளோ என்று கேட்க நினைத்தேன். “இருங்கோ” என்றேன்.

அந்தப் பையன் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். படம் பார்க்கத் தெரியாதவன். நடுவில் கதைக்கிறான், வடையைக் கடித்துக்கொண்டு “அச்சா” என்கிறான், தன் பட்டியலில் உப்புக்காற்றுப் படைக்கு நாலாம் இடம் என்று சொல்கிறான். நாலாம் இடமாம்! என் வீட்டில் இருந்துகொண்டு! எனக்கு ஏறிய கோபத்துக்கு வேறொரு நாளென்றால் கதிரையோடு தூக்கி வெளியில் வைத்திருப்பேன். படம் முடியட்டும், அவனுக்கு முதலாம் இடம் எதுவென்று படிப்பிக்கிறேன். ஒரு நாளில் முடிகிற விசயம் இல்லை. அடுத்த ஞாயிறும் வர வேண்டியிருக்கும்.

கப்பல் திரும்பவும் மேலே எழும்புகிற இடம் வந்தது. ஹொராகி கதவடியில் நிற்கிறார், உள்ளே பிள்ளைகள். கஜானி என் கையைப் பிடித்தாள். பிடித்தது தனக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அவன் என் பக்கம் சரிந்து மெல்லக் கேட்டான்:

“மாமா, இனி என்ன நடக்கும்? கதவைத் திறப்பினமோ?”

எனக்கு ஒவ்வொரு நொடியும் தெரியும். அடுத்த சொல்கூடத் தெரியும்.

“ஆருக்குத் தெரியும், தம்பி” என்றேன். “பாப்பம்.”