கையில் என்ன இருக்கிறது?

மார்ச் 3

என் வாயாடிக்கு,

ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லப் போகிறவளுக்கு அக்காவுக்கு நாலு வரி எழுத நேரமில்லை. இருக்கட்டும். நான் போனை எடுத்தாலே யாரிடம் பேசுகிறேன் என்று தம்பி பதறுகிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் மறுபடி தூங்குவதில்லை. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு என்னை ஏமாற்றுகிறான். மின்விசிறியைக் கழற்றிப் போட்டுவிட்டான். அதற்குள்ளிருந்து யாரோ திட்டுகிறார்களாம். எலக்ட்ரீஷியனை வீட்டிலேயே வைத்துக்கொண்டு அட்டையால் விசிறிக்கொள்கிறேன். சிரிப்பு வருகிறது, அடுத்த நிமிடம் அழுகை வருகிறது.

கீழ்வீட்டுத் தையல்காரர், "இன்னொரு தடவை சத்தம் கேட்டா போலீசைத்தான் கூப்பிடுவேன்" என்கிறார். போன முறை அவர்கள் அவன் கையைப் பின்னால் கட்டி மூன்று மாடியும் இழுத்துக்கொண்டு போனார்கள். மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. பூட்ஸ் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். மறுபடி அப்படி நடந்தால் அவன் தாங்கமாட்டான். ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. எங்கள் மனநலக் குழுவில் ஆள் பற்றாக்குறை. லீவு என்றாலே மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

ஒரு நல்ல செய்தி. இதே மாதிரிக் குழு உன் ஊரிலும் தொடங்கியாயிற்று. போலீசுக்குப் பதில் அவர்கள் வருவார்கள். ஒரு நர்ஸ், துணைக்கு ஒருவர், அவ்வளவுதான். யூனிஃபார்ம் கிடையாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, முதலில் "சாப்டீங்களா?" என்றுதான் கேட்போம்.

நம்பரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். போனை எடுப்பவர்கள் நிறையக் கேட்பார்கள். எதையும் மறைக்காமல் உள்ளதை உள்ளபடி சொல். மே மாதம் கட்டாயம் வருகிறேன்.

உன் தங்கை

மார்ச் 19

என் வாயாடிக்கு,

நீ எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். "செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் வருவாங்களா?" என்று மூன்று முறை கேட்டான். பிறகு அவனே வெள்ளை டேப்பில் நம்பரை எழுதி சுவிட்ச் போர்டுக்கு மேல் ஒட்டினான். அன்று தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

மே மாதம் என்று சொல்லி ஏமாற்றிவிடாதே.

உன் அக்கா

ஏப்ரல் 27

வாயாடிக்கு,

சேதி கேட்டு நீ வந்திருந்த மூன்று நாளும் வீடு நிறைய ஆட்கள். கேட்க முடியவில்லை. இப்போது கேட்கிறேன்.

அன்று காலை அவன் சுவிட்ச் போர்டைப் பிரித்துப் போட்டுக் கத்தினான். தையல்காரர் கதவைத் தட்டுவதற்குள் நான் அந்த நம்பருக்குப் பேசிவிட்டேன். தூங்கி ஐந்து நாள் ஆயிற்று, சாப்பிடவில்லை, எல்லாம் சொன்னேன். "இப்ப அவர் கையில என்ன இருக்கு?" என்றாள் அந்தப் பெண். ஸ்க்ரூடிரைவர் என்றேன். அது இல்லாத அவன் கையை நாம் பார்த்ததுண்டா? கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆள் அனுப்பறோம்" என்றாள்.

"வர்றாங்கடா" என்றேன். அடங்கிவிட்டான். தலை வாரிக்கொண்டு கதவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தான். அப்புறம் படியில் பூட்ஸ் சத்தம். கதவை உடைத்தார்கள். அவன் பால்கனிக்கு ஓடினான்.

நீ சொன்னபடிதானே செய்தேன்? எங்கே தப்பு செய்தேன்?

அக்கா

மே 2

அக்கா,

தப்பு உன்னுடையதில்லை, என்னுடையது.

கையில் கூர்மையான பொருள் என்று சொன்னால் அந்த அழைப்பு நேராகப் போலீசுக்குப் போய்விடும். எல்லா ஊரிலும் அதுதான் விதி. போகிற வீட்டிலெல்லாம் கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொல்லிவிட்டு வருவேன். "அடுத்த தடவை போன்ல, தூங்கல, சாப்பிடலன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நாங்க வந்ததும் பேசிக்கலாம்." எழுத்தில் மட்டும் அதைக் கொடுக்கக்கூடாது. வெளியே தெரிந்தால் குழுவையே மூடிவிடுவார்கள். அதனால் உனக்கு எழுதவில்லை. மே மாதம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

எத்தனையோ வாசலில் சொன்னேன் அக்கா. நேற்றும் ஒரு வீட்டில் சொன்னேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பதினைந்தாம் தேதி வருகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

உன் தங்கை

மே 9

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன்.

கதவை மாற்றியாயிற்று. தையல்காரர்தான் ஆசாரியைக் கூட்டி வந்தார். சுவிட்ச் போர்டுக்கு மேல் ஒட்டியிருக்கும் நம்பரைப் பிய்த்துப் பார்த்தேன். வரவில்லை. வேலை தெரிந்தவன் ஒட்டியது.

பதினைந்தாம் தேதி வர வேண்டாம். அதற்குப் பிறகும் வேண்டாம். உன்னைத் திட்ட எனக்குத் தெம்பில்லை.

அவனைக் கிடத்தியிருந்த அன்று நீ படியேறி வந்தாய். அழுதுகொண்டே வந்தாலும் மறக்காமல் செருப்பை வாசலில் விட்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தலை வாரிக்கொண்டு அவன் காத்திருந்தது அதற்குத்தான்.