எட்டு போடாமல் லைசென்ஸ் வாங்கிய என் தம்பிக்கு

என் கண்ணான தம்பி தனசேகரா,

உன் மகள் பூங்கொடிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நீ இறந்ததற்காகச் சுரங்கக் கம்பெனி கேண்டீனில் வேலை கிடைத்த உன் மனைவி மல்லிகா, அவளுக்கு ஒரு மொபெட் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நீ போய் ஆறு வருஷம் கழித்து உன் குவார்ட்டர்ஸ் வாசலில் மறுபடி ஒரு வண்டி நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். "அத்தை, அந்த லைசென்ஸ் சார் இன்னும் உங்ககூடப் பேசுறாரா?" என்று பூங்கொடி கேட்டாள். எதற்கு என்றேன்.

"அப்பாவுக்கு வாங்கிக் குடுத்த மாதிரி எனக்கும் வாங்கிக் குடுங்களேன். எட்டு போடச் சொன்னா, கால் ஊனாம எனக்கு வராது."

அடுப்படியிலிருந்து மல்லிகா சிரித்தாள். "அத்தை ஒரு வார்த்தை சொன்னாப் போதும்டி. உங்கப்பா அந்த ஆபீஸ் வாசலைக்கூட மிதிக்கல." பெருமையாகத்தான் சொன்னாள். அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உனக்கு நினைவிருக்கும். புக் பண்ணிப் பல வருஷம் காத்திருந்து நீ வாங்கிய ஸ்கூட்டர் அது. சுரங்கத்துக்குள் டம்பர் லாரி ஓட்டக் கம்பெனியே உன்னைப் பழக்கி அனுமதி கொடுத்திருந்தது. ரோட்டுக்கு அது செல்லாது. "ஆள் உயரச் சக்கரத்த வளைக்கிறவன், இந்தத் துக்கடா வண்டிக்கு எட்டு போட்டுக் காட்டணுமாக்கா?" என்றாய். நானும் சிரித்தேன். லைசென்ஸ் கொடுக்கும் ஆய்வாளரின் மகனுக்கு அப்போது நான் வீட்டில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "என் தம்பி டம்பர் டிரைவர் சார், அவனுக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று அவரிடம் கேட்டேன். பி.எஸ்ஸி. படித்த டீச்சர் பேசிய பேச்சு அது. பத்தே நாளில் லைசென்ஸ் வந்தது.

ஆயுத பூஜை அன்று எங்களைச் சுரங்கம் பார்க்கக் கூட்டிப் போனாயே. ஜீப்பில் உயரமான கம்பியில் கொடி கட்டியிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "மேல உக்காந்திருக்கிற எனக்குக் கீழ இருக்கிறது தெரியாதுக்கா. நான் வந்தா பெரிய ஆபீசர் ஜீப்பே ஒதுங்கித்தான் நிக்கணும்" என்றாய். எட்டு மணி நேரம் அப்படி ஓட்டிவிட்டு, இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ஸ்கூட்டரில் ஏறுவாய். நடுரோட்டை விடமாட்டாய். எதிரில் எது வந்தாலும் ஹாரன் அடித்துக்கொண்டே போவாய். பின்னால் உட்கார்ந்து உன் தோளைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் வந்திருக்கிறேன். "மெதுவாப் போடா" என்பேன். இறங்கியதும் மறந்துவிடுவேன்.

எட்டு போட்டிருந்தால் மட்டும் பிழைத்திருப்பாயா? தெரியவில்லை. ஆனால் ஒரு தடவையாவது யாராவது உன் வண்டியை நிறுத்தி, இது ரோடு, இங்கே நீயும் ஒதுங்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு தடவை உனக்குக் கிடைக்காமல் செய்தவள் நான்தானே?

நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு டிராக்டரில் நீ மோதிய அன்று, ஊரே டிராக்டர்காரரைத் திட்டியது. மல்லிகா இன்றும் அவரைத்தான் சபிக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தரையில் உட்கார்ந்து சொன்னதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

"பஸ்ஸத் தாண்டிகினு எதிர்ல வந்தாருங்கம்மா. ஒரு பக்கம் பஸ்ஸு, ஒரு பக்கம் பள்ளம், பின்னால அவ்ளோ பாரம். நான் எங்கங்க ஒதுங்குவேன்? அவரு பிரேக்கே புடிக்கலீங்க. நான் ஒதுங்கிடுவேன்னு பாத்துகினே வந்தாரு."

கேட்டதும் புரிந்துவிட்டது, நீ எந்த வண்டியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வந்தாய் என்று. உன் பேர் கெடக் கூடாதென்று விழுங்கிவிட்டேன். அந்த மனிதர் பழியைச் சுமந்துகொண்டு போனார்.

பூங்கொடியிடம், "எட்டு போட்டே வாங்கு" என்றேன். முகம் சுண்டிப் போனது. "அப்பா டெஸ்ட் குடுக்காமலே எவ்ளோ நல்லா ஓட்டினாரு. அந்த டிராக்டர்காரன் மட்டும் ஒழுங்கா வந்திருந்தா..." என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று எங்கள் ஸ்கூல் வழியாக மொபெட்டில் போனாள். லைசென்ஸ் இன்னும் இல்லை. திருப்பத்தில் ஷிப்ட் பஸ்ஸை முந்தினாள். எதிரில் வந்த சைக்கிள்காரர் மண்ணில் இறங்கித் தப்பினார். அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் கேட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்குப் போகிறேன், தம்பி. இருவரையும் உட்காரவைத்து, நான் ஆய்வாளரிடம் கேட்டதையும் டிராக்டர்காரர் என்னிடம் சொன்னதையும் சொல்லிவிடப் போகிறேன். செத்தவர்மேல் பழி போடுகிறீர்களா என்று மல்லிகா அழுவாள். இனி இந்த வாசலுக்கு வராதீர்கள் அண்ணி என்றும் சொல்லலாம். சொல்லட்டும். உன் பேரைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் உன் பெண்ணை யார் காப்பாற்றுவது?

அவள் டெஸ்டுக்குப் போகும் நாளில், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் மைதானத்து ஓரத்தில் நிற்பேன். கால் ஊன்றினால் திரும்பப் போடட்டும். எத்தனை தடவை தவறினாலும், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

உனக்கு முன்னால் பிறந்தும் உன்னைத் தடுக்கத் தெரியாத
உன் அக்கா,
வசந்தா