சவுனாக் கதவுக்குப் பூட்டு

செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள லேலண்டுக்கு,

உன் மனைவி மார்லிஸ் எழுதுவது. நான் நலம். உன் அண்ணன் ஆர்விட்டும் அவருடைய நோய்க்கு எந்த அளவு நலம் என்று சொல்லலாமோ அந்த அளவு நலம். நீயும் உன் கப்பலும், உப்பே போடாமல் சமைக்கும் அந்தச் சமையல்காரனும் நலம்தானா? போனில் பேசியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். இப்போதெல்லாம் போனில் சொல்லக்கூடியது குறைந்துகொண்டே வருகிறது. டெட்ராய்ட்டில் தபால் படகு உங்கள் கப்பலை ஒட்டி வந்து வாளியில் கடிதம் ஏற்றிவிடுமே, என் சேதியும் அந்த வழியாகவே வரட்டும்.

கூரையில் ஒழுகின இடத்தை அடைத்தாகிவிட்டது. ஆப்பிள் இந்த வருடம் சுமார்தான், மான்கள் எனக்கு முந்திக்கொண்டன. ஏரியிலிருந்து காற்று இப்போதே பல்லைக் காட்டுகிறது.

ஊரில் பெரிய சேதி, பழைய வங்கிக் கட்டடத்தை ஒரு கஞ்சாக் கம்பெனி வாங்கிவிட்டது. ஊர்க் கூட்டத்தில் கை தூக்கி அனுமதித்துவிட்டார்கள். வசந்தத்தில் கடை திறப்பார்களாம். வளர்க்க ஒரு உரிமம், காய்ச்ச ஒரு உரிமம், விற்க ஒரு உரிமம், வண்டியில் கொண்டுபோக ஒரு உரிமம் என்று சுவர் நிறையக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட அவர்களிடம் இருக்கிறது. நோயாளிகளின் மருந்துக்கென்று கஞ்சா வளர்க்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு அட்டை. அதில் என் பெயருக்குக் கீழே ‘பராமரிப்பாளர்’ என்று போட்டிருக்கிறது. ஐந்து நோயாளிகளுக்கு மேல் கூடாது, செடிகள் பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டும், சாவி என் ஒருத்தி கையில்தான் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் சட்டம்.

அந்தக் கம்பெனி ஆள், ஹாய்ட் என்று பெயர், போன வாரம் நம் வீட்டுக்கு வந்தான். கையில் கடையில் வாங்கிய ஆப்பிள் பலகாரம். யாருக்கு, ஆப்பிள் மரம் வைத்திருக்கும் எனக்கு! “உங்க அஞ்சு பேரையும் எங்க பக்கம் அனுப்பிடுங்க மேடம், நாங்க பாத்துக்கறோம். நீங்களும் நிம்மதியா இருக்கலாம்” என்றான். நான் இப்போதும் நிம்மதியாகத்தான் இருக்கிறேன் என்றேன். அவன் நம் சவுனாவின், அந்த நீராவிக் குளியல் கொட்டகையின், புகைபோக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “ரொம்ப சந்தோஷம். ஆனா இந்தக் காலத்துல யாரு எப்ப புகார் குடுப்பாங்கன்னே தெரியறதில்ல பாருங்க” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பலகாரத்தைக் கோழிகளுக்குப் போட்டேன், அவையும் அரைமனதாகத்தான் கொத்தின.

எனக்குத் தெரிந்த மற்றப் பராமரிப்பாளர்கள் எல்லாரும் இந்தக் கோடையில் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தலைநகர் லான்சிங்கில் புதிதாக என்னவோ சட்டம் வரப்போகிறது என்ற பேச்சே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. கம்பெனிக் கடையில் கரடி பொம்மை மாதிரி கஞ்சா மிட்டாய் விற்பார்களாம். ஆர்விட்டிடம் சொன்னேன். “கரடி மிட்டாய் தின்னு வளர்ற வயசா எனக்கு?” என்றார். நாக்கடியில் ஒரு சொட்டு கெட்டி எண்ணெய் வைத்தால்தான் அவர் கால் நரம்பு இளகுகிறது, இல்லாவிட்டால் இரண்டு காலும் கட்டை மாதிரி முறுக்கிக்கொள்கின்றன. அந்த எண்ணெயைக் காய்ச்ச இந்தப் பக்கத்தில் இப்போது நான் ஒருத்திதான். குப்பியில் இருப்பது குறைந்து வருகிறது. செடிகள் பூத்துவிட்டன, அக்டோபர் கடைசியில் அறுக்கலாம். குளிர்காலம் முழுக்க அவருக்குக் காணும்.

இன்னொன்று. நம் சிநேகிதன் டேல் இரண்டு சனிக்கிழமையாகச் சவுனாவுக்கு வரவில்லை. ஷெரிஃப் அலுவலகத்தில் போலீஸ் வேலை அதிகம் என்று அவன் மனைவி சொன்னாள். பனிப்புயலில்கூடத் தவறாதவன். வேலையாகத்தான் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிக் காலுறையைப் பெட்டியிலேயே வைத்துப் பூஜிக்காமல் போட்டுக்கொள்.

உன்,
மார்லிஸ்


அக்டோபர், செவ்வாய்

அன்புள்ள லேலண்டுக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி. படித்ததும் ஏரியில் போட்டுவிடு.

சனிக்கிழமை டேல் வந்தான். நான் சவுனாவுக்கு நெருப்பு மூட்டி, ஆவி எழுப்பும் கல்லெல்லாம் நன்றாகக் காய்ந்திருந்த நேரம். கூடவே ஒரு ஆள், நகரத்துக் கோட்டுப் போட்டவர். டேல் விருந்தாளியைக் குளிக்க அழைத்து வந்திருக்கிறான் என்றே நினைத்தேன். வேறென்ன நினைப்பேன், சனிக்கிழமை நம் வீட்டுக்கு யார் எதற்கு வருவார்கள்? காபி வைத்தேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய் அந்த மனிதர் கையில் நானே துண்டைக் கொடுத்தேன். அவர் துண்டை வாங்கிக்கொண்டார், ஆனால் காலணியைக் கழற்றவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உடை மாற்றும் அறையின் நடுவில் நின்றுகொண்டு டேல் கேட்டான், “மார்லிஸ், இந்த வெளிக்கதவ நீ பூட்டுவ இல்ல?” நான் சிரித்துவிட்டேன். “சவுனாவ எவன்டா பூட்டுவான்? உங்க அப்பா பூட்டினாரா, எங்க அப்பா பூட்டினாரா?” என்றேன். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள், லேலண்ட். குளிரில் வருகிறவன் யாராயிருந்தாலும் உள்ளே வரட்டும் என்றுதானே அந்தக் கதவு.

டேல் விடவில்லை. பின்பக்கத்துக் கதவைக் காட்டினான். அதற்குப் பின்னால்தான் செடிகள் என்பது அவனுக்குத் தெரியாததா? “ஆனா அந்தச் சாவி உன் கையிலதான இருக்கும், வேற யாரும் தொட முடியாதுல்ல?” என்றான். ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தைக்குப் பாடம் சொல்கிற மாதிரிக் கேட்டான். நான் துண்டு மாட்டும் கடைசி ஆணியைக் காட்டி, “என்னடா புதுசா கேக்கற? அதோ அங்கதான தொங்குது. வருஷக்கணக்கா அது மேலதான உன் துண்ட மாட்டற” என்றேன்.

அந்த ஆள் சாவியைப் பார்த்தார். தொடவில்லை. மடிப்புக் கலையாத துண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்து, மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். டேல் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. காபி அப்படியே ஆறிப்போனது.

அவர்கள் வண்டி திரும்பிப் போன பிறகுதான் புரிந்தது, கூட வந்தவர் என் பூட்டையும் சாவியையும் சோதிக்க வந்த அதிகாரி. டேல் என்னைக் குற்றவாளி ஆக்கக் கேட்கவில்லை. பொய் சொல் என்று கெஞ்சியிருக்கிறான். இரண்டு தடவை எனக்கு வாசலைத் திறந்து காட்டினான், இரண்டு தடவையும் நான் பெருமையாக அடைத்துவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது நான்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. என் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அன்று மாலையே வெளிக்கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன். எதிர்வீட்டுக்காரர்கள் துண்டும் கையுமாக வந்து பூட்டைப் பார்த்து, யாரோ செத்துப்போன வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். பூட்டு இனி எதற்கும் ஆகாது. பூட்டில்லாததைத்தான் அந்த மனிதர் பார்த்துவிட்டாரே. நேற்றும் இன்றும் ஒரு சாம்பல் நிற வண்டி நம் தபால் பெட்டிக்கு அருகே மெதுவாகி, பிறகு போகிறது. வீட்டைச் சோதனை போட நீதிபதியின் கையெழுத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆர்விட்டிடம் மறைக்க முடியவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, “அறுத்து அடுப்புல போட்டுடு மார்லிஸ். வலி எனக்கு என்ன புது விருந்தாளியா?” என்றார். சொல்லும்போதே தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். குப்பியில் எண்ணெய் அடி தட்டிவிட்டது. நான் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், லேலண்ட். போய் நின்றேன். பூக்கள் இன்னும் பால் பிடிக்கவில்லை. இப்போது அறுத்தால் குப்பை, இரண்டு வாரம் நின்றால் அவருக்கு ஒரு குளிர்காலத் தூக்கம். அறுக்கவில்லை. பைத்தியக்காரி என்று நீ திட்டுவாய். திட்டு. அட்டையில் என் பெயருக்குக் கீழே இருக்கிற வார்த்தையை நான் நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்.

இனி உன்னைப் பற்றி. எனக்கு அட்டை கொடுத்தது மாநிலம். உன் மாலுமிச் சான்றிதழைக் கொடுத்தது மத்திய அரசு, அதற்கு என் அட்டை வெறும் காகிதம். அதன் கணக்கில் நான் கஞ்சா வளர்ப்பவள், நீ கஞ்சா வீட்டுக்காரன். இருபது வயதிலிருந்து அந்தக் கப்பல்தான் உன் உயிர் என்று எனக்குத் தெரியும். வீடும் நிலமும் என் அப்பா வழியில் என் பெயரில் இருக்கின்றன, அட்டையும் என் பெயரில். உன் கை எதிலும் படவில்லை. அது அப்படியே இருக்க வேண்டும்.

ஆகவே ஜனவரியில் கப்பலைக் கரையில் கட்டிப்போட்டதும் இங்கே வராதே. டுலூத்தில் உன் தங்கை வீட்டுக்குப் போ. ஆர்விட்டை அங்கே அழைத்துக்கொள்ள முடியுமா என்று அவளிடம் இப்போதே கேட்டு வை. எனக்குப் போன் செய்யாதே, கடிதமும் போடாதே. யாராவது கப்பலுக்கு வந்து கேட்டால், நீ என்னை விட்டுப் பிரிந்து வெகுநாள் ஆகிறது என்று சொல். சமையல்காரனிடமும் இப்போதிருந்தே சொல்லிவை, அவனிடம் சொன்னால் கப்பல் முழுக்கத் தெரிந்துவிடும்.

நவம்பர்க் காற்றில் மேல்தளத்துக்குத் தனியாகப் போகாதே. கடவுள் உன்னையும் உன் கப்பலையும் கரை சேர்க்கட்டும்.

ஒன்றே ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். என்னைப் பிரிந்துவிட்டதாகச் சொல்லும்போது ‘அவள்’ என்று மட்டும் சொல். என் பெயரைச் சொல்லாதே. நீ என் பெயரைச் சொல்கிற விதத்தைக் கேட்டால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

உன்,
மார்லிஸ்