சிவப்பு மிதவைக்கு இந்தப் பக்கம்

மார்ச் 4
படகு கிளப்பிலிருந்து அழைப்பிதழ். அவர் நினைவாக, அவர் பெயரில் ஒரு கோப்பை, இருவர் மட்டுமே செலுத்தும் பாய்மரப் படகுகளுக்கு. ஒரு பகல் பந்தயம். கோப்பையை நான் வழங்க வேண்டுமாம். அடியில் ‘கேப்டனின் துணைவியார்’ என்று போட்டிருக்கிறார்கள். இருவர் செலுத்தும் படகில் அந்த இரண்டாவது ஆள் யார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா?

கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் படகு எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது. சுக்கான் தடியைப் பிடித்தபடி அவர், சலவைச் சட்டையில். பின்னால் பாய்க்கயிற்றோடு குனிந்திருக்கும் முதுகு என்னுடையது.

மார்ச் 5
கிளப் செயலாளரிடம் போய், நானும் போட்டியிடுகிறேன் என்றேன்.

“பரிசு குடுக்கறவங்களே பந்தயத்துல கலந்துக்கிட்டா எப்படி மேடம்?”

“அப்போ பரிச நீங்களே குடுங்க.”

“அதுக்கில்ல... சார் இல்லாம படக யாரு ஓட்டுவாங்க?”

பதில் சொல்லத் தகுதியான கேள்வி அல்ல. வந்துவிட்டேன்.

மார்ச் 9
எழுபத்தொரு வயதுக்காரியுடன் கடலுக்கு வர யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் வந்து நின்றது நாத்தனார். விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். தோளும் ஓயவில்லை, வாயும் ஓயவில்லை.

“எங்க அண்ணன் படகு, அண்ணன் பேர்ல கோப்பை. அது வேற வீட்டுக்குப் போகலாமா அண்ணி?”

வேறு வழியில்லை.

மார்ச் 17
பயிற்சி. “அண்ணன் இப்படித் திருப்ப மாட்டாரு.” திருப்பத்துக்கு ஒரு தடவை இதே பாட்டு.

“அவரோட எத்தன தடவ வந்திருக்க?”

“வந்ததில்ல. கரையில நின்னு பாத்திருக்கேனே.”

கரையிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

மார்ச் 20
இங்கேயாவது எழுதி வைக்கிறேன். நீண்ட பந்தயங்களில் இரவு முழுவதும் ஓட்டியவள் நான். “இருட்டுல உன் கைதான் திடமான கை” என்பார். சொல்லிவிட்டுக் கீழே போய்ப் படுத்துக்கொள்வார். நல்ல மனிதர்தான். நன்றாகத் தூங்குவார். விடிந்து, துறைமுக வாயிலில் சிவப்பு மிதவை தெரிந்ததும் சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு மேலே வருவார். என் தோளில் இரண்டு விரலால் ஒரு தட்டு. “விடு.”

நான் எழுந்து பாய்க்கயிற்றுக்குப் போவேன். கரையில் படம் எடுப்பார்கள்.

ஒரே ஒரு தடவை அந்த எல்லைக்கோட்டை என் கையால் தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 23
முதலாவதாக வந்துகொண்டிருந்தோம். இரண்டு படகுகள் பின்னால் ஒட்டி வந்தன. நாத்தனார் கூட வாய் திறக்காமல் கயிற்றைப் பிடித்திருந்தாள். சிவப்பு மிதவை வந்தது.

எழுந்தேன்.

யாரும் தட்டவில்லை. யாரும் கேட்கவில்லை. தடியை விட்டுவிட்டுப் பாய்க்கயிற்றுப் பக்கம் இரண்டடி நடந்தும்விட்டேன். சுக்கானில் ஆளே இல்லை. படகு காற்றுக்கு முகத்தைத் திருப்பி நின்றுவிட்டது. பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

“அண்ணி, எங்க போறீங்க?”

ஓடிப்போய்ப் பிடித்து, படகு மறுபடி வேகம் எடுப்பதற்குள் இரண்டும் எங்களைத் தாண்டிவிட்டன.

எழுந்திரு என்றால் எழுந்து நிற்கக் கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் பழக்கினார்கள். சொல்லாமலே எழுந்து நிற்க அவர் பழக்கியிருக்கிறார். செத்தும் கெடுத்தான் என்பார்கள் — இந்த மனுஷன் செத்தும் வாங்கிக்கிட்டாரே. என் கையிலேர்ந்து. ச்சே.

மார்ச் 24
நாத்தனார் வந்தாள். காப்பியைத் தொடாமல் படம் படமாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

“எல்லாமே மிதவைக்கு இந்தப் பக்கம் எடுத்ததுதான்.”

“ஆமா.”

“அந்தப் பக்கம்?”

“நான்.”

“எப்பவுமேவா அண்ணி?”

ஆறிப்போன காப்பியை அவள் பக்கம் நகர்த்தினேன். படத்தைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: “ராத்திரி பூரா கடல்ல இருந்தும் அண்ணன் சட்டை கசங்காதுன்னு அம்மாவுக்கு அவ்வளவு பெருமை.”

மார்ச் 25
செயலாளரின் தொலைபேசி. “மூணாவது இடமே பெருசு மேடம். சார் மட்டும் இருந்திருந்தா...” வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2
நாத்தனார்தான் கடலுக்குக் கூப்பிட்டாள். திரும்பி வரும்போது நல்ல காற்று. சிவப்பு மிதவை வந்ததும் உடம்பு தானாக எழுந்தது. எதிரே அவள், இரண்டு கால்களையும் நீட்டி வழியை அடைத்து உட்கார்ந்திருந்தாள்.

“உக்காருங்க அண்ணி.”

உட்கார்ந்தேன். கோட்டைத் தாண்டினோம். கரையில் ஒருவரும் இல்லை.