எச்சில் தொட்ட விரல்

அன்பு பொற்கொடிக்கு,

நீயும் உன் முழங்கால் வலியும் நலமா? ஓசூரில் நான் எருமைபோல் கொழுத்திருக்கிறேன்.

கம்பெனியில் உருப்படிக் கணக்கு எழுதும் நோட்டுக்குப் பதில், விரலால் தொட்டு எழுதும் டேப்லெட் வந்துவிட்டது. எங்களைப் பழக்கிய சூப்பர்வைசர் பிரியா, "தப்பானா அழிச்சுக்கலாம்ண்ணே, அது கடிக்காது" என்று சிரிக்கும். அந்தப் பெண்ணை மாற்றிவிட்டார்கள். நேற்று, நோட்டைப் புரட்டும் ஞாபகத்தில் விரலில் எச்சில் தொட்டு அமுக்கினேன். ஒரு சைபர் கூடி, நாற்பது உருப்படி நானூறாகிவிட்டது. புது மேனேஜர் என் பெயரைப் பெரிய திரையில் சிவப்பாகப் போட்டு, "இன்னொரு தப்புன்னா ஊருக்குக் கிளம்பு" என்றார். இப்போது எல்லோரும் டேப்லெட்டைத் தொடவே பயப்படுகிறார்கள். நான்தான் தைரியசாலி, கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறேன்.

மகளின் பழைய போனை அனுப்பு, அறையில் பழகிக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கம்பெனி பஸ் ஆட்டம் என்று நினைத்துக்கொள்.

முடிக்கிறேன். பஸ் இப்போதுதான் கிளம்புகிறது.

உன் மணிவேல்