நாலு விரல் மான்கள்

2-2-99, செவ்வாய்

ஆந்திரா லோடு வரவில்லை. நேற்றைய எலுமிச்சையை வைத்தே லஸ் கடையை ஓட்டினேன். கோயம்பேட்டில் மெஹபூப் அலி மண்டியில் நல்ல காய் இறங்கியிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னான். அங்கே மட்டும் போகமாட்டேன் என்று அவனுக்கும் தெரியும், சும்மா சொல்லிப் பார்க்கிறான்.

கொத்தவால் சாவடியில் நானும் மெஹபூபும் ஒரே மண்டி, ஒரே கல்லா. சாவடியைக் கோயம்பேட்டுக்கு மாற்றியபோது அவன் அங்கே போவோம் என்றான், நான் மயிலாப்பூரில் கடை போடுவோம் என்றேன். இரண்டு பேரும் இறங்கவில்லை. மூன்றாவது வருஷமாகப் பேச்சு இல்லை. முதலில் யார் பேசுவது? நான் இல்லை.

மதியம் ஜானு அம்மா வந்தார். அபிராமபுரம், காலேஜில் விலங்கியல் நடத்துகிறவர். காயை முகர்ந்து பார்த்து வாங்குவார், அதனால் எனக்கு அவர்மேல் மரியாதை. பை நிறைய எலுமிச்சை கேட்டார். வீட்டில் விசேஷமா என்றேன். இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை கிண்டிக் காட்டுக்குள் ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிறாராம், திரும்பியதும் எல்லோருக்கும் ஜூஸ்.

காட்டுக்குள்ளேயா! பாம்புப் பண்ணையோடு சரி நமக்கு. அந்த மதிலை ஒட்டி எத்தனை வருஷம் லோடு அடித்திருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பழைய மண் ரோடு ஒன்று இருக்கிறதாம். முன்பு ஜீப் போன தடம். அதில்தான் நடை.

நானும் வரலாமா என்று வாயில் வந்துவிட்டது.

"பேஷா வாங்கோ. ஆனா உள்ள பேசப்படாது. உங்களால முடியுமோ?"

எலுமிச்சை விலையைக் குறைக்கவில்லை. அது வேறு, இது வேறு.

5-2-99, வெள்ளி

கேன்வாஸ் ஷூ வாங்கினேன். பிறந்ததிலிருந்து முதல் ஷூ. தனபாக்கியம் என் காலையே பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். டிரில் வாத்தியாரைக் கட்டிக்கொண்டது மாதிரி இருக்கிறதாம். சிரிக்கட்டும். கூடத்திலேயே நடந்து பழகினேன்.

7-2-99, ஞாயிறு

எப்படி எழுதுவது? இன்னும் கால் தரையில் இல்லை.

கேட்டைத் தாண்டி கொஞ்ச தூரம்தான். பஸ் சத்தம் நின்றுவிட்டது. அப்படியே யாரோ ஷட்டரை இறக்கியது மாதிரி. செம்மண் தடம், நடுவில் புல் முளைத்த முதுகு, இரண்டு பக்கமும் சக்கரம் போன பள்ளம். களாச் செடி, பனை, பெயர் தெரியாத முள். மெட்ராஸ் நடுவில்! இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று முதலில் வியாபாரப் புத்திதான் ஓடியது. ஒளிப்பானேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

ஒரு வளைவில் ஒரு புதர். இலையைப் பார்த்ததும் கை தானாகப் போயிற்று. கிள்ளி நசுக்கினேன் — எலுமிச்சை! மூளையிலே ஏறுகிற வாசம். குட்டிக் காய்கள், கோலி அளவு. யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் காட்டில் ஒரு எலுமிச்சை நிற்கிறது. எனக்குச் சோறு போட்ட ஜாதி. விட்டேன் ஒரு சத்தம், மண்டியில் ஏலம் கூவுகிற சத்தம். "இங்க வந்து பாருங்கய்யா!"

புதருக்குப் பின்னால் திபுதிபுவென்று என்னவோ ஓடியது. மான் கூட்டம் என்றார்கள். நான் பார்த்தது புழுதி மட்டும்.

ஜானு அம்மா உதட்டில் விரல் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். காட்டு எலுமிச்சை என்றுதான் அதற்குப் பேராம், வெளியே வந்த பிறகு சொன்னார்.

வீட்டில் சொன்னேன். நூறு காய் என்ன விலைக்குப் போகும் என்று தனபாக்கியம் கேட்டாள். அந்த வாசத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது? ஒருத்தனுக்குத்தான் சொல்லாமலே புரியும். அவனிடம் சொல்ல முடியாது.

10-2-99, புதன்

விரலில் வாசம் போய்விட்டது. மான் பார்க்காமல் விடமாட்டேன்.

13-2-99, சனி

கடைக்கு ஜானு அம்மா போன். நாளைக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாம். துள்ளிக் குதிக்காத குறை. அப்புறம் ஒன்று சொன்னார். அவருடைய மாணவி ஒருத்தி தன் அப்பாவையும் கூட்டிவருகிறாள், அவரும் எலுமிச்சை வியாபாரமாம், எனக்குப் பேச்சுத்துணையாக இருக்குமாம். பெண் பேர் ஜஹீதா.

மெஹபூப் மகள். அவளைத் தோளில் வைத்துத் தேர் காட்டியிருக்கிறேன்.

போகலாமா? போகாவிட்டால் பயந்துவிட்டேன் என்பான். போனால் இறங்கிவந்தேன் என்பான். இன்னாடா இது ரோதனை. என் மானை நான் பார்க்கக்கூடாதா? அவனுக்காக வீட்டில் உட்காரணுமா?

போகிறேன். உள்ளேதான் பேசக்கூடாதே. நல்ல சட்டம்.

14-2-99, ஞாயிறு

ஒன்றையும் விடாமல் எழுதவேண்டும்.

கேட்டில் நின்றிருந்தான். இளைத்திருக்கிறான், தாடி வெளுத்திருக்கிறது. தோளில் அதே பச்சைத் துண்டு. என் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்தான். ஜஹீதா மட்டும் "சலாம் ரத்தினம் சாச்சா" என்றாள். தலையாட்டினேன்.

வரிசையில் எனக்கு முன்னால் அவன். அந்தப் புதர் வந்ததும் நின்றான். அவன் கையும் தானாகப் போயிற்று. கிள்ளினான், முகர்ந்தான். என் பக்கம் திரும்பப் போனவன், பாதியிலேயே கழுத்தை நிறுத்திக்கொண்டான். நடந்தோம்.

தடம் திரும்புகிற இடத்தில் அவன் ஒரு அடி முந்தி. சட்டென்று சிலையாகிவிட்டான். நான் அவன் தோளுக்குப் பின்னால், முள்புதரை ஒட்டிப் போய் நின்றேன். ஓரத்துப் புல்லில் மான். பழுப்பு உடம்பு, வயிறு வெள்ளை. மூச்சை விடப் பயமாக இருந்தது. அப்போது அவன் துண்டை உருவி, என் கைமேல் போட்டு, உள்ளே என் விரல்களைப் பிடித்தான்.

சாவடியில் அப்படித்தான் விலை பேசுவோம். துண்டுக்கு அடியில் விரலை அழுத்தினால் எண். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. முழுக்கையையும் பிடித்தால் விலை படிந்தது.

நாலு விரல் அழுத்தினான்.

நான் எண்ணினேன். மூன்று மான். மூன்று விரல் அழுத்தினேன்.

அவன் மறுபடி நாலு. கொஞ்சம் கோபமாக.

எனக்கும் ஏறியது. இவ்வளவு நாள் கழித்துக் கையைப் பிடித்தாலும் பிடிவாதம் போகவில்லை பார்! மூன்றுதான் என்று நசுக்கினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, துண்டோடு என் கையை ஒரு அடி முன்னால் இழுத்தான். முள்ளை விட்டு வெளியே தலை வந்தது.

அந்தப் பக்கம் முழுக்கப் புல்வெளி. புல்வெளி முழுக்க மான். முறுக்குக் கொம்போடு கறுத்த கிடா ஒன்று நடுவில், ராஜா மாதிரி. வெயில் படுகிற முதுகு, நிழலில் முதுகு, குட்டிகள். ஒரு கண்ணில் அடங்கவில்லை.

நாலு இல்லை. நாற்பது!

விரல் ஒன்றா, பத்தா, நூறா என்று சாவடியில் யாரும் சொல்லமாட்டார்கள். சரக்கைப் பார்த்து இருவருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு முள்ளுக்கு இந்தப் பக்கம்தான் தெரிந்தது.

அவன் முழுக்கையையும் பிடித்தேன். விடவில்லை. அவனும் விடவில்லை. மான்கள் ஓடவில்லை. கறுப்புக் கிடா ஒரு தரம் பார்த்துவிட்டு மேய்ந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ.

வெளியே வந்ததும் ஜானு அம்மா கேட்டார்:

"துண்டுக்குள்ள என்ன பண்ணிண்டிருந்தேள் ரெண்டு பேரும்?"

"வியாபாரம் மேடம்" என்றான் மெஹபூப். "படிஞ்சிடுச்சி."

அப்புறம் என்னிடம் திரும்பினான். மூன்றாம் வருஷத்தில் முதல் பேச்சு.

"நாலுன்னா நாலாடா? சாவடில இன்னாத்தடா கத்துக்கினே நீ?"

"மானை பத்து பத்தா எண்ணுவேன்னு எனக்கு இன்னாடா தெரியும்?"

ஜஹீதா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவன் என் ஷூவைக் காட்டி ஏதோ சொல்ல வந்தான், சிரிப்பில் வரவில்லை. இரண்டு டம்ளர் ஜூஸ் குடித்தோம். காய் யாருடையது என்று கேட்டான். என்னுடையது என்றேன். தோல் தடிப்பு என்றான். தடிப்புதான்.

யார் முதலில் பேசினது? அவன்தான். இல்லை, கையை நீட்டினதும் அவன்தான். இருக்கட்டும்.

16-2-99, செவ்வாய்

கோயம்பேடு போனேன். காய் நன்றாக இருந்தது. தனபாக்கியத்திடம் வேறு எங்கோ வாங்கினேன் என்று சொன்னேன், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

21-2-99, ஞாயிறு

இந்த வாரம் காட்டுக்கு அனுமதி இல்லை. நேற்றே எல்லோருக்கும் சொல்லியாயிற்று, திருவல்லிக்கேணியில் மெஹபூப் வீட்டுக்கும் நானே போன் பண்ணினேன்.

விடிகிற நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர். மெஹபூப், காலில் புது ஷூ. இன்றைக்கு இல்லையே என்றேன். தெரியும் என்றான். தனபாக்கியம் டீ கொண்டுவந்தாள், அவனுக்கு ஏலக்காய் போட்டு. போடட்டுமா என்று கேட்கவே இல்லை.

அடையாறு பாலம் வரைக்கும் நடந்தே போய் வந்தோம். லாரி, புகை, சாக்கடை நாற்றம். போக வரப் பேசிக்கொண்டே இருந்தோம். கடைக்குப் போனபோது வாடிக்கைக்காரர்கள் படியில் காத்துக்கொண்டிருந்தார்கள்.